குடிநீர்ப் பெட்டிக்கு ஒரு போஸ்டர்

எங்கள் எல்ம் கிராசிங் கல்வி மாவட்டத்தில் காகிதம் ஒழிக்கப்பட்டது ஓர் ஆகஸ்ட் மாதச் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு. அன்று ஆசிரியர்கள் அத்தனை பேரையும் உடற்பயிற்சிக் கூடத்தில் உட்காரவைத்து ஆளுக்கொரு டோனட்டும் ஆளுக்கொரு கடவுச்சொல்லும் கொடுத்தார்கள். டோனட் நன்றாக இருந்தது.

மேடையில் நின்றவர் மாவட்டக் கண்காணிப்பாளர் டாக்டர் ப்ரெண்ட் ஹேவர்காம்ப். அவர் கடைசியாக ஒரு வகுப்பில் பாடம் நடத்திய ஆண்டு எது என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்துகள் உண்டு. நடத்தியதே இல்லை என்பது மூன்றாவது கருத்து.

"ஒரு குழந்தைக்கும் அறிவுக்கும் நடுவுல இன்னிக்கு ஒரு பெரிய சுவர் நிக்குது. அந்தச் சுவருக்குப் பேரு வாக்கியம்" என்று அவர் ஆரம்பித்தார். "அந்தச் சுவரை இடிக்கப் போறோம். இடிச்ச இடத்துல போஸ்டர் ஒட்டப் போறோம்."

இடித்த சுவரில் எப்படி ஒட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் இரண்டாவது சுற்று டோனட் வந்துவிட்டது.

மாவட்டம் வாங்கியிருந்த அந்தக் கருவிக்கு வாவ்போர்டு என்று பெயர். திரையில் ஒரே பக்கத்தில் படம், வீடியோ, பாட்டு, குரல்பதிவு, மினுக்கும் எழுத்து, சுற்றி ஓடும் எல்லைக்கோடு எல்லாவற்றையும் ஒட்டிக்கொள்ளலாம். பொய் சொல்லக் கூடாது, கருவி கெட்டதல்ல. நான் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவன். என் மாணவி ஒருத்தி ரயில்பாதை போட்ட கூலிகளின் வேலைப் பாட்டு ஒன்றை எங்கிருந்தோ தேடியெடுத்து, வரைபடத்தில் அவர்கள் செத்த இடங்களில் எல்லாம் அந்தப் பாட்டு ஒலிக்கும்படி செய்திருந்தாள். நான் அதை மூன்று தடவை ஓடவிட்டுக் கேட்டேன். அவளுக்கு நாற்பதுக்கு இருபத்திரண்டு கிடைத்தது. எல்லைக்கோடு ஓடவில்லை.

மதிப்பெண் போடுவதற்கு ஓர் அட்டவணை கொடுத்திருந்தார்கள். பத்து வரிசை, வரிசைக்கு நான்கு மதிப்பெண். பின்னணி, எழுத்துரு, அசைவு, ஒலி, வண்ண ஒற்றுமை, இணைப்புகள், எல்லைக்கோடு, நேர்மறை உணர்வு, தன்னம்பிக்கைத் தொனி. பத்தாவது வரிசையின் பெயர் வெறும் 'வாவ்'.

அன்று கையைத் தூக்கியவர் ஒரே ஒருவர்தான். லோவெல் கெட்டரிங். என் பக்கத்து அறையில் இருபத்து நான்கு வருடமாக அறிவியல் எடுப்பவர். எதையும் எதிர்ப்பவர் அல்ல. புதிதாக எது வந்தாலும் அதன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிற, இந்தத் தொழிலுக்குக் கொஞ்சம் ஆபத்தான குணம் உள்ளவர். போஸ்டரில் எழுதியிருப்பது சரியா தப்பா என்பதற்கு எந்த வரிசை என்று கேட்டார்.

பதில் சொன்னவன் டேரன் ஃபிப்ஸ். காட்சிக் கதையாடல் பயிற்சியாளர் என்பது அவன் பதவி. அதற்கு முன் கடைத்தெருவில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தான். அட்டவணையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, "அது தன்னம்பிக்கைத் தொனியில அடங்கிடும்" என்றான்.

லோவெல் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நவம்பருக்குள் அவருக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்துவிட்டன. கடிதம் என்று பழக்கத்தில் சொல்கிறேன், இரண்டுமே போஸ்டர்கள்தான். சந்திரன் தன் சொந்த வெளிச்சத்தில் எரிகிறது என்று ஒரு பையன் செய்த போஸ்டருக்கு முப்பத்தொன்பது கிடைத்திருந்தது, ஏனென்றால் அதில் வால்நட்சத்திரங்கள் பறந்தன. லோவெல் அதன் கீழே 'தவறு' என்று ஒரு சொல் எழுதினார். தலைமையாசிரியை ட்ரூடி ஆஸ்டர்மன் அவரைக் கூப்பிட்டு, பின்னூட்டம் தருவதற்கு மாவட்டம் ஆறு ஸ்டிக்கர்களை அங்கீகரித்திருப்பதை நினைவூட்டினார். இதயம், ராக்கெட், கட்டைவிரல், நட்சத்திரம், பிட்சா, நடனமாடும் வாழைப்பழம். தவறு என்பதற்கு மிக நெருக்கமானது எது என்று லோவெல் கேட்டார். தலைமையாசிரியை நிஜமாகவே யோசித்துப் பார்த்து, பிட்சா என்றார்.

ஜனவரியில் தண்ணீர்ப் பாடம் வந்தது. டெஸ்ஸா மாகோவ்ஸ்கி என்று ஒரு பெண், கைப்பந்து அணியில் இருப்பவள், வாயைத் திறந்தால் மூடாதவள். உடற்பயிற்சிக் கூடத்துக்கு வெளியே சுவரில் இருக்கும் குடிநீர்ப் பெட்டியில் தண்ணீர் குடித்தால் ஸ்பூனை நக்குவதுபோல இருக்கிறது என்றாள். பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வளைந்து எழும் பழைய இரும்புப் பெட்டி அது. விளையாட்டு முடிந்து வருகிற அத்தனை பிள்ளைகளும் அதில்தான் வாய் வைப்பார்கள். வேறு ஆசிரியராக இருந்தால் ஒரு ராக்கெட் ஸ்டிக்கர் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். லோவெல் இரண்டு பாட்டிலை எடுத்துக்கொண்டார். ஒன்றில் அந்தப் பெட்டித் தண்ணீர், இன்னொன்றில் பத்தடி தள்ளி அதே குழாயிலிருந்து வரும் தன் அறைத் தண்ணீர். இரண்டையும் வகுப்பே சேர்ந்து மாநிலப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பியது.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இரண்டு வரி. லோவெலின் அறைத் தண்ணீரில் ஈயம் லிட்டருக்கு இரண்டு மைக்ரோகிராம். பெட்டித் தண்ணீரில் அறுபத்தொன்று. பதினைந்தைத் தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது கணக்கு. குழாய் ஒன்றுதான், ஆகவே ஈயம் இருப்பது பெட்டியின் வயிற்றுக்குள். வளரும் பிள்ளைகளின் மூளைக்கு அது என்ன செய்யும் என்பது லோவெலுக்கு நன்றாகத் தெரியும். அவர் தலைமையாசிரியையின் அறைக்கு ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில் அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ட்ரூடி ஆஸ்டர்மன் காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. அவருடைய அலுவலகம்தான் காகிதமில்லா வளாகத்துக்கு முன்மாதிரி.

"லெட்டர்னா படிக்கணும், லோவெல்" என்றார் பரிவோடு. "படிக்கிறதுங்கிறது எல்லாருக்கும் ஒத்து வராது. நான் என்னையே சொல்றேன். அந்தப் பொண்ணு இதை போஸ்டராத்தானே பண்ணுது? வெள்ளிக்கிழமை மாவட்ட போஸ்டர் போட்டிக்கு வருமில்ல? மூணு நடுவர் பாக்கப் போறாங்க. ஊரே பாக்கப் போகுது. இதைவிட வேகமா எப்படிச் சொல்ல முடியும்?"

லோவெல் அதை நம்பினார். கையேட்டை முழுக்கப் படிக்கிறவர்களுக்கு இந்த நோயும் உண்டு.

டெஸ்ஸா செய்த முதல் போஸ்டரில் மண்டையோடு சுற்றியது, அபாயச் சங்கு ஊளையிட்டது, தலைப்பு 'இதைக் குடிக்காதே' என்று இருந்தது. டேரன் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். சங்குக்கு நேர்மறை உணர்வில் மதிப்பெண் கிடைக்காது என்று சொல்லி, ஒலிப் பெட்டகத்திலிருந்து உகுலேலே என்ற குட்டிக் கிதாரின் துள்ளல் இசை ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். தலைப்பில் 'காதே' என்று முடிவது பிள்ளைகளைச் சுருங்கவைக்கும் என்றான். தலைப்பு 'நம் தண்ணீர், நம் கதை' ஆனது. மண்டையோடு இருந்த இடத்தில் சிரிக்கும் நீர்த்துளி ஒன்று குதித்தது. அறுபத்தொன்று என்ற எண்ணை மட்டும் டெஸ்ஸா விட்டுக்கொடுக்கவில்லை. பெட்டியில் ஈயம் இருக்கிறது, யாரும் குடிக்க வேண்டாம் என்ற வாக்கியத்தையும் விடவில்லை. சரி, எழுத்துருவையாவது மாற்றிக்கொள் என்றான் டேரன். அது பலூன் எழுத்தில் வந்து நின்றது.

நாற்பதுக்கு நாற்பது. மாவட்டத்திலேயே முதல் பரிசு.

அந்த மூன்று நடுவர்களில் நான் ஒருவன். நூற்று நாற்பது போஸ்டர், கையில் ஒரே ஒரு மணிநேரம். பின்னணி இருக்கிறதா, இருக்கிறது, நான்கு. எல்லைக்கோடு ஓடுகிறதா, ஓடுகிறது, நான்கு. துளி குதித்தபோது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது, வாவ், நான்கு. எழுத்து என்று ஒன்று இருந்ததைப் பார்த்தேன். அது எழுத்துரு வரிசைக்கு உரியது.

திங்கட்கிழமை காலை லோவெல் என் அறைக்கு வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, நீயாவது இருந்தியே" என்றார். "நாற்பது போட்டிருக்க. அப்போ உனக்குத் தெரியும். வா, ரெண்டு பேருமா போய்ச் சொல்லுவோம்."

எதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் என் கையை விட்டார். கோபப்பட்டிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆதியிலிருந்து அந்தம்வரை எல்லாவற்றையும் எனக்குச் சொன்னார். கேட்டுவிட்டு நான், எனக்குக் கூட்டம் இருக்கிறது என்றேன். இருந்ததும் உண்மைதான்.

அன்று மத்தியானம் லோவெல் ஒரு வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் 'இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்' என்று எழுதிப் பெட்டியின் நெற்றியில் ஒட்டினார். இருபது நிமிடத்தில் அது காணாமல் போனது. மறுபடி ஒட்டினார். பதினைந்து நிமிடம். மூன்றாவது தடவை ஒட்டும்போது தலைமையாசிரியையே வந்து நின்று, நடைபாதையில் காகித அறிவிப்பு கூடாது என்ற விதியைச் சொல்லி, எந்த அறிவிப்பாக இருந்தாலும் வாவ்போர்டில் செய்து க்யூஆர் கட்டமாக ஒட்டலாமே என்று வழியும் காட்டினார். கட்டத்தைப் போனில் படம் பிடித்தால் போஸ்டர் திறக்கும்.

ஒரு சின்ன விஷயம். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் போன் வைத்திருக்கக் கூடாது. காலையில் வாங்கிப் பூட்டிவிட்டு மூன்று மணிக்குத்தான் திருப்பிக் கொடுப்போம். லோவெல் இதைச் சொன்னதற்கு, ரொம்ப நல்ல கருத்து என்று ட்ரூடி பாராட்டினார். அடுத்த கல்வியாண்டில் இதைப் பரிசீலிக்க ஒரு குழு போடுவதாகவும் சொன்னார்.

லோவெல் போஸ்டர் செய்தார். ஒலி இல்லை என்று திரும்பி வந்தது. ஒலிப் பெட்டகத்தில் தேடி, தண்ணீர் சம்பந்தப்பட்டதாக இருந்த ஒரே ஒலியை எடுத்துச் சேர்த்தார். காட்டுக்குள் ஓடும் ஓடை, பின்னால் குருவிகள். இந்த முறை அரைமணியில் ஒப்புதல் வந்துவிட்டது. 'பார்த்ததுமே தாகம் எடுக்கிறது, அருமை' என்று மாவட்ட அலுவலகம் வாழைப்பழ ஸ்டிக்கர் போட்டிருந்தது. மறுநாள் பெட்டியின் நெற்றியில் க்யூஆர் கட்டம் ஏறியது. கட்டத்துக்கு மேலே கண் சிமிட்டும் நீர்த்துளி. அதற்கு முன்பு அந்தப் பெட்டியைக் கண்டுகொள்ளாத பிள்ளைகள்கூட, துளியைத் தொட்டுப் பார்க்க வந்த சாக்கில் ஒரு வாய் குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர் செய்யாதது ஒன்றுமில்லை. சுகாதாரத் துறைக்குப் போன் செய்தார். கோரிக்கை மாவட்டத்திலிருந்து வர வேண்டும் என்று அவர்கள் மாவட்டத்துக்கே தள்ளிவிட்டார்கள், மாவட்டம் அதை டேரனிடம் தள்ளியது, டேரன் லோவெலிடம் வந்து இதை எப்படிக் கதையாகச் சொல்லலாம் என்று கேட்டான். டெஸ்ஸாவின் அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தபோது மகளின் போஸ்டருக்கான இணைப்பை அனுப்பி, பிடித்த ஸ்டிக்கரைப் போடச் சொன்னார்கள். பராமரிப்பு பார்க்கும் ஆர்லோ பீஸ்லியிடம் வால்வை மூடச் சொன்னார் லோவெல். ஆர்லோ அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, "வேலைச் சீட்டு இல்லாம நான் ஒரு திருகாணியைத் தொட்டாலும் சீட்டைக் கிழிச்சிடுவாங்க. எனக்கு ரிடையராக இன்னும் மூணு வருஷம் இருக்கு, லோவெல்" என்றார். ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு குப்பைப் பையைக் கொண்டுவந்து பெட்டியை மூடிக் கட்டினார். க்யூஆர் கட்டத்தை மறைக்கிறது என்று அதையும் எடுத்துவிட்டார்கள்.

கடைசியில் அவரே போய் நின்றார். ஒவ்வொரு இடைவேளையிலும் அந்தப் பெட்டிக்கு முன்னால், ஒரு ஜாடியும் காகிதக் குவளைகளுமாக. வருகிற பிள்ளைகளுக்குத் தன் அறைத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாங்கிக் குடித்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தத் தாத்தாவுக்கு என்ன ஆச்சு என்று சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் வகுப்பில் இருக்கும் நேரத்தில் பெட்டி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் என் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. யார்மேல் என்று அப்போது யோசிக்கவில்லை.

பணியிடத்தில் இல்லாதது, காகிதக் குவளை விநியோகித்தது ஆகிய இரண்டுக்கும் சேர்த்து லோவெலை வளர்ச்சித் திட்டத்தில் போட்டார்கள். வளர்ச்சித் திட்டம் என்றால் வேலையிலிருந்து அனுப்புவதற்கு முந்தின படி. மே மாதத்துக்குள் அவர் காட்சி எழுத்தறிவில் முப்பத்திரண்டு மதிப்பெண்ணாவது எடுத்துக் காட்ட வேண்டும்.

பரிசளிப்பு விழா மார்ச் முதல் வாரம் நடந்தது. எழுநூறு பிள்ளைகள் கூடத்தில், முன்வரிசையில் ஆசிரியர்கள். பெரிய திரையில் நீர்த்துளி குதித்தது, உகுலேலே ஒலித்தது. டாக்டர் ஹேவர்காம்ப் டெஸ்ஸாவின் தோளில் கைபோட்டு, இந்தப் போஸ்டர் எதைப் பற்றி என்று உன் வார்த்தையிலேயே சொல் என்று மைக்கைக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்த பதில் ஒன்று அவள் கையில் இருந்த பலகைக் கணினியில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"வெளிய ஜிம் பக்கத்துல இருக்கிற தண்ணிப் பெட்டியில ஈயம் இருக்கு" என்றாள் டெஸ்ஸா. "பதினஞ்சு தாண்டினாலே தப்பு. இதுல அறுபத்தொண்ணு. நான் மூணு வருஷமா அதைத்தான் குடிச்சிருக்கேன். ஜனவரியிலேருந்து சொல்றோம், யாரும் மூடல. தயவுசெஞ்சு யாரும் அதுல குடிக்காதீங்க. அவ்வளவுதான்."

லோவெல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

டாக்டர் ஹேவர்காம்ப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணீர் நிஜம், அதுதான் கொடுமை.

"கேட்டீங்களா?" என்றார். "இந்தத் தொனியைக் கேட்டீங்களா? போன வருஷம் இந்தக் குழந்தைக்கு மைக்கைப் பிடிக்கத் தெரியாது. இன்னிக்கு ஒரு எண்ணை எவ்வளவு நம்பிக்கையா சொல்லுது பாருங்க. அது என்ன எண்ணுங்கிறது முக்கியமா? இல்ல. அந்த நம்பிக்கை முக்கியம். சொல்ற விஷயம் இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். சொல்ற தைரியம் நிக்கும். அந்தத் தைரியத்தை இவளுக்குக் கொடுத்தது வாவ்போர்டு."

கூடமே எழுந்து நின்று கைதட்டியது.

வெளியே வந்ததும் பெட்டிக்குப் பக்கத்தில் படம் எடுக்க வேண்டும் என்றார்கள், போஸ்டர் தண்ணீரைப் பற்றியதாயிற்றே. டாக்டர் குனிந்து பொத்தானை அழுத்தினார். "டாக்டர், அதுல ஈயம் இருக்குன்னு இப்பதானே சொன்னேன்" என்றாள் டெஸ்ஸா. அவர் நிமிர்ந்து புகைப்படக்காரரிடம், "பாருங்க, இன்னும் அந்தக் கதாபாத்திரத்துலயே இருக்கா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, ஒரு வாய் குடித்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

முதல் பரிசு என்பது ஆறடித் தொடுதிரை. வென்ற போஸ்டர் அதில் வருடம் முழுக்க ஓடும். மின் இணைப்பும் அகலமும் சேர்ந்து இருந்த ஒரே இடம் அந்தச் சுவர். அடுத்த வாரம் ஆர்லோவுக்கு வேலைச் சீட்டு வந்தது, அவர் குடிநீர்ப் பெட்டியைக் கழற்றி எடுத்தார். ஈயத்தை அகற்ற முடியாத நிர்வாகம் திரைக்கு இடம் வேண்டிப் பெட்டியையே அகற்றிவிட்டது. லோவெல் ஓய்வறைக்கு வந்து, யாரோ வைத்துவிட்டுப் போயிருந்த காய்ந்த டோனட் ஒன்றை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். எப்படியோ ஒழிந்தது, அது போதும் என்றார். வளர்ச்சித் திட்டம் அவர் தலைமேல் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

மூன்று நாள் கழித்து, சாப்பாட்டு வேளையில், ஆர்லோ தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு வந்து எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார்.

"லோவெல், ஒண்ணு சொல்லணும்" என்றார். "அந்தப் பெட்டி நல்ல கண்டிஷன்ல இருக்கு, வீணாக்கக் கூடாதுன்னு மாவட்டத்துல சொல்லிட்டாங்க. நான்தான் கொண்டுபோய் மாட்டினேன். மழலையர் பள்ளியில. சின்னப் பசங்களுக்கு எட்டணும்னு கீழ இறக்கி."

லோவெல் எழுந்தார். கார் சாவியை என் கையில் திணித்து, "நீ ஓட்டு" என்று மட்டும் சொன்னார். நான் ஓட்டினேன். அந்த வருடம் முழுக்க நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். வகுப்பை விட்டுவிட்டு, அனுமதி கேட்காமல், இருவரும் போனோம்.

மழலையர் பள்ளி நடைபாதையில் பெட்டி முழங்கால் உயரத்தில் இருந்தது. நெற்றியில் கண் சிமிட்டும் துளியும் அப்படியே இருந்தது. பனிக்கோட்டோடு பதினெட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்று கொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற பெண் குழந்தை பொத்தானை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தது. வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியை கோரா வான்ஸாண்ட் எங்களை யாரென்று தெரியாமல் பார்த்தார். லோவெலுக்கு மூச்சு வாங்கியது. போஸ்டர், மதிப்பெண், கட்டம், ஓடைச் சத்தம் எதையும் அவர் சொல்லவில்லை. "அதுல ஈயம் இருக்கு" என்றார்.

கோரா வான்ஸாண்ட் அந்தக் குழந்தையின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். மண்டியிட்டு, பெட்டிக்கு அடியில் கையை விட்டு, வால்வைத் திருகி மூடினார். பொத்தானை அழுத்திப் பார்த்தார். தண்ணீர் வரவில்லை. திரும்பி, "செல்லங்களா, இதுல யாரும் குடிக்கக் கூடாது, உடம்புக்கு ஆகாது. கடைசியில இருக்கிற குழாய்க்குப் போங்க" என்றார். பதினெட்டுப் பிள்ளைகளும் திரும்பிக் கடைசிக் குழாய்க்கு நடந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகள்.

எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் ஆகியிருக்காது. லோவெல் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எவ்வளவு நாளா உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார் கோரா.

ஏழு வாரம் என்றார் லோவெல்.

"ஏழு வாரமா வாயத் திறந்து சொல்ல ஒரு ஆள் இல்லையா அங்க?"

"சொன்னோம்" என்றார் லோவெல். "மைக்லயே சொன்னோம். எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க."

கோரா வான்ஸாண்ட் அவரைப் பார்த்தார். பிறகு, இன்னும் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்.

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"நானும் தட்டினேன்" என்றேன்.